ஜூன் பில்லும் 501-ஆவது யூனிட்டும்

ஜூன் மாதம் ஈபி பில் வந்ததும் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் முதலில் சந்தேகப்படுவது மீட்டரைத்தான். பிப்ரவரியில் கட்டியதைப் போல இரண்டு, மூன்று மடங்கு தொகை. புதிதாக எதுவும் வாங்கவில்லையே என்ற திகைப்பு நியாயமானதே. ஆனால் பெரும்பாலும் மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது. தொகையை ஏற்றுவது வெயிலும் கட்டண விதியும் சேர்ந்துதான்.

ஏசி செய்யும் வேலை, அறைக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவது. வெளியே எவ்வளவு கொதிக்கிறதோ அவ்வளவுக்கு அந்த வேலை கடினமாகிறது. அதனால் அதே ஏசி, அதே எட்டு மணி நேரம், மே மாதத்தில் கூடுதல் யூனிட் இழுக்கும். சமையலறை ஃப்ரிட்ஜுக்கும் இதே கதி. சென்னையில் இன்னொரு சுமையும் உண்டு. மேல்காற்று பலமாக வீசும் நாள்களில் கடற்காற்று பிற்பகல் தாண்டித்தான் ஊருக்குள் நுழையும். வரும்போது ஈரத்தையும் சுமந்து வரும். பால்கனியில் ஏசி குழாயிலிருந்து வாளியில் சொட்டுகிறதே தண்ணீர், அது அறைக் காற்றிலிருந்து பிழிந்த ஈரம். அதைப் பிழியவும் மின்சாரம் வேண்டும். 2024 மே 2 அன்று தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது என்றால், அதில் இப்படி ஓடும் ஏசிகளுக்கும் பங்கு உண்டு.

கட்டண விதியைத்தான் பலரும் கவனிப்பதில்லை. 2022 செப்டம்பர் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த 2.25 ரூபாய்ச் சலுகை போய், அவையும் 4.50 ஆகிவிடுகின்றன. 600 யூனிட் என்றால் 2,750. 2024-இல் கட்டணம் கொஞ்சம் ஏறியபோதும் இந்தக் கட்டண ஏணியின் அமைப்பு மாறவில்லை. இரவு எட்டு மணி நேரம் ஓடும் ஒன்றரை டன் ஏசி, மணிக்குச் சராசரி ஒரு யூனிட் என்றாலே, அறுபது நாளில் 480 யூனிட். மற்றதெல்லாம் அதற்கு மேல்.

குறைப்பதை மொட்டைமாடியிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் எண்ணம். மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவு பதினொரு மணிக்கும் அனல் கக்கும். ஏசி அந்தக் கூரையோடுதான் மல்லுக்கட்டுகிறது. மயிலாப்பூரின் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரையும் அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட தளமும் இருந்தன. இன்றைய ஃப்ளாட்டில் அது இல்லை. மார்ச்சிலேயே மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். மாடி பொதுச்சொத்து, அசோசியேஷன் கூட்டத்தில் யாராவது இதை எடுத்துப் பேசத்தான் வேண்டும்.

ஏசியை 26-இல் வைத்து ஃபேனையும் போடுங்கள். வியர்வையை ஆற்றக் காற்றோட்டம் போதும். ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுங்கள். பழைய ஃபேன் 75 வாட், புதிய வகையான பிஎல்டிசி ஃபேன் ஏறக்குறைய 30. தினம் பதினைந்து மணி நேரம் சுற்றும் ஹால் ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் சுமார் 40 யூனிட் மிச்சம். 530-இல் நிற்கும் வீட்டை 500-க்குள் கொண்டுவர அது ஒன்றே போதும்.

கணக்கெடுத்ததிலிருந்து முப்பதாம் நாள் மீட்டரை ஒருமுறை பாருங்கள். அதுவரை ஓடியது 250 யூனிட்டைத் தாண்டியிருந்தால் சரிசெய்ய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வயதானவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் மட்டும் கத்திரி வெயிலில் ஏசியை அணைத்துச் சேமிக்க வேண்டாம். அங்கே கூரைக்கும் ஃபேனுக்கும் செலவு செய்யுங்கள்.