புது வண்டியும் அதன் மேற்பூச்சும்

அம்மாபேட்டையில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களிலும் இன்று வீட்டு வாசலில் ஒரு புதுக் கார் நிற்பது அரிதன்று. தந்தை தறியில் அமர்ந்து வளர்த்த பிள்ளை பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ வேலைக்குச் சென்று, கடன் பெற்று ஒரு வண்டி வாங்கிப் பெற்றோரை ஏற்றிக்கொண்டு ஞாயிறு பூசைக்கு வருவதைக் காண நமக்கு மகிழ்ச்சியே. அவ்வாறு வருகின்றவர்கள் அண்மைக் காலமாக நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சாமி, செராமிக் கோட்டிங் போட்டிருக்குங்க. ஏழு நாளைக்குத் தண்ணி படக்கூடாதுன்னு சொல்லி அனுப்பினாங்க. தீர்த்தம் தெளிக்காம மந்திரிக்க முடியுங்களா?"

இக்கேள்விக்கு விடை பின்னர் வரும். வண்டிப் பூச்சைப் பற்றிக் குடும்ப இதழில் எழுதுவானேன் என்று வியப்போரும் இருக்கலாம். வீட்டின் பணம் எவ்வழியே வெளியேறுகிறதோ அவ்வழியெல்லாம் குடும்பக் காரியமே என்பது நம் கருத்து. பத்தாயிரம் ரூபாயில் தொடங்கி நாற்பதாயிரம் வரைக்கும் விலை சொல்லப்படும் ஒரு பொருளை, அது இன்னதென்று அறியாமலே பல குடும்பங்கள் வாங்கிவிடுகின்றன. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

செராமிக் என்றதும் பீங்கான் தட்டும் கோப்பையும் நினைவுக்கு வரும். இப்பூச்சில் பீங்கான் இல்லை. சிறு குப்பியில் வரும் ஒரு திரவம் அது. மணலின் மூலப்பொருளாகிய சிலிக்காவோடு உறவுடைய சிலிக்கான் சேர்மங்கள் அதில் கரைந்திருக்கின்றன. துணி சுற்றிய சிறு கட்டையில் சில துளிகள் விட்டு வண்டியின் மேல் தேய்த்துப் பரப்பி, உடனே மற்றொரு துணியால் துடைத்தெடுப்பர். திரவம் ஆவியாகிப் போக, எஞ்சியது காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து இறுகி, வண்ணத்தின் மீது கண்ணாடி போன்ற மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. சோப்பு நீரில் அது கரைந்து போகாது. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். மெழுகுப் பூச்சுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. மெழுகு சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் போய்விடும். நல்ல செராமிக் பூச்சு, பராமரித்தால், இரண்டு மூன்று ஆண்டுகள் பயன் தரும்.

அப்படலத்தின் கனம் எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். தொழிற்சாலையிலிருந்து வரும் காரின் மேல் துருத் தடுப்பு, அடிப்பூச்சு, நிறம், அதன் மேல் நிறமற்ற பளபளப்புப் பூச்சு என்று எல்லாம் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். அவற்றுள் மேலே உள்ள நிறமற்ற பூச்சு மட்டும் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். செராமிக் படலமோ பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான்தான். லாரி டயர் தெறிக்கும் கல்லை இந்தக் கனம் தடுத்து நிறுத்தும் என்று எதிர்பார்ப்பது, மல்லுத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு தலைக்கவசம் அணிந்ததாக எண்ணுவதைப் போன்றது.

விற்பவர்கள் "ஒன்பது எச்" என்று ஒரு சொல்லைச் சொல்வார்கள். வைரத்துக்கு அடுத்த கடினம் என்று சிலர் விளக்கமும் தருவார்கள். அது பிழை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தியவர் பிரீட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர், ஆண்டு 1812. அவ்வரிசையில் வைரம் 10, குருந்தக்கல் 9, சாதாரண மணலில் மிகுந்துள்ள குவார்ட்சு 7. இவர்கள் கூறும் ஒன்பது எச் அந்த வரிசையைச் சேர்ந்ததன்று. அது படம் வரைவோர் பயன்படுத்தும் பென்சிலின் அளவு. 9எச் பென்சிலைக் குறிப்பிட்ட சாய்வில் வைத்து அழுத்தித் தள்ளினால் கீறல் விழவில்லை என்பதே அதன் பொருள். பென்சில் கீறாத பூச்சைத் தெருப்புழுதியில் உள்ள மணல் கீறும். உளுந்தூர்ப்பேட்டைச் சாலையில் ஒரு மாலை சென்று வந்த வண்டியின் மேல் எவ்வளவு புழுதி படிகிறது என்பதை நாம் யாவரும் அறிவோம். அதை உலர்ந்த மஞ்சள் துணியால் தட்டித் துடைக்கும் பழக்கமே கீறல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

அப்படியாயின் அப்பூச்சினால் பயனே இல்லையா? உண்டு. நீர் அதன்மேல் முத்து முத்தாகத் திரண்டு உருண்டோடும். ஓடும்போது அழுக்கில் ஒரு பகுதியையும் கொண்டு போகும். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் காலங்காலமாகச் சொல்லி வந்த உவமையையே விற்பனையாளர்களும் சொல்கிறார்கள். தாமரை இலையின் இரகசியம் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாமல் உள்ள மெழுகு பூசிய நுண்ணிய மேடு பள்ளங்களில் இருக்கிறது என்பதை பார்த்லொட் என்னும் ஜெர்மானியத் தாவரவியலார் தம் துணைவரோடு 1997-இல் விரிவாக எழுதி வெளியிட்டார். வண்டிப் பூச்சு வழவழப்பானது. ஆகவே இலைக்குரிய முழுத் தூய்மை இதற்கு வராது. எனினும் கழுவும் வேலை பாதியாகக் குறையும். வெயிலால் நிறம் மங்குவது தாமதமாகும். காக்கை எச்சமும் மரப்பிசினும் உடனே கறையாகி உள்ளே இறங்காமல் துடைத்தெடுக்கச் சிறிது அவகாசம் கிடைக்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் நிழலின்றி நிற்கும் வண்டிக்கு இவை சிறு நன்மைகள் அல்ல.

நம் ஊராருக்கு ஓர் உவமை சொன்னால் எளிதில் விளங்கும். பாவுக்குக் கஞ்சி போடுகிறோம். நூலை இரும்பாக்குவதற்காக அன்று. தறியின் அடியையும் உராய்வையும் முதலில் கஞ்சி தாங்கட்டும், நூல் பிழைக்கட்டும் என்பதற்காக. கஞ்சி தேய்ந்து போவதற்கென்றே இடப்படுகிறது. செராமிக் பூச்சும் அத்தகையதே. அது தேய்ந்தால் ஏமாற்றமில்லை. தன் வேலையைச் செய்தது என்றே கொள்ள வேண்டும்.

ஏமாற்றம் வேறிடத்தில் இருக்கிறது. வண்டி விற்கும் நிலையத்தில், எல்லாக் கணக்கும் முடிந்து சாவி கைக்கு வரும் வேளையில், பூச்சின் விலையையும் கடனோடு சேர்த்துவிடலாம், மாதம் ஐந்நூறு ரூபாய்கூட ஆகாது என்று இனிமையாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30,000 ரூபாய், ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வட்டி, 84 மாதத் தவணை. மாதம் ஏறத்தாழ 483 ரூபாய் வரும். முடிவில் கட்டியிருக்கும் தொகை ஏறத்தாழ 40,500. பூச்சு மூன்றாம் ஆண்டில் போய்விடும். தவணை ஏழாம் ஆண்டு வரை நிற்கும். இல்லாத பூச்சுக்கு நான்கு ஆண்டுகள் வட்டி கட்டுவதை எந்தக் குடும்பத் தலைவியும் ஒப்பமாட்டார். ஆனால் அவ்வேளையில் குடும்பத் தலைவியிடம் யார் கேட்கிறார்கள்? கையில் ரொக்கம் இருந்தால் போடுக. கடனில் சேர்த்துப் போட வேண்டாம் என்பதில் நாம் உறுதியாக இருக்கிறோம்.

இதைப் போட்டால்தான் வண்டி தருவோம் என்று எவரேனும் சொன்னால் அதற்கு இணங்கத் தேவையில்லை. பூச்சு என்பது வண்டியின் விலையில் அடங்கியதன்று. வேண்டாம் என்று சொல்லி வண்டியைப் பெற்றுக்கொண்டு, மறு மாதம் வேறிடத்தில் பூசிக்கொள்ளலாம். வற்புறுத்தினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்து முறையிட வழி உண்டு.

பூசுவது என்று முடிவாகிவிட்டால், பூசுபவரின் கைத்திறனையே முதலில் நோக்க வேண்டும்; குப்பியின் பெயர் அதற்கு அடுத்ததே. புது வண்டியானாலும் லாரியில் ஏறி வந்து, திறந்த வெளியில் நின்று, அவசரத்தில் துடைக்கப்பட்டு, மெல்லிய வட்டக் கீறல்கள் விழுந்திருக்கும். அவற்றை நீக்காமல் பூசினால் கீறல்கள் படலத்தின் அடியில் அப்படியே தங்கிவிடும். நீக்குவதற்குப் பாலிஷ் போட வேண்டும். ஒவ்வொரு பாலிஷும் அந்த 40, 50 மைக்ரானிலிருந்து சிறிது எடுத்துவிடும். ஆகவே அளவோடு செய்கிறவரா என்று பாருங்கள். தூசி வராத மூடிய கூடம் வேண்டும். காலையில் விட்டால் மதியம் தருகிறோம் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். பொருளின் பெயரும் உத்தரவாதக் காலமும் எழுதிய ரசீதை ஜி.எஸ்.டி.யோடு கேட்டு வாங்குக. "ஐந்தாண்டு உத்தரவாதம்" என்ற பெரிய எழுத்துக்குக் கீழே உள்ள சிறிய எழுத்தையும் படிக்க வேண்டும். ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் பராமரிப்புக்கு வரத் தவறினால் உத்தரவாதம் இல்லை, கீறலுக்கும் உப்புநீர்க் கறைக்கும் பொறுப்பில்லை என்றெல்லாம் அங்கே இருப்பது வழக்கம். கல்லடியிலிருந்தே காப்பு வேண்டுமென்றால் அதற்குரியது ஒளி ஊடுருவும் பாலியூரித்தேன் படலம். 150 மைக்ரானுக்கு மேல் கனமுள்ளது, விலையோ பல மடங்கு. நம் குடும்பங்களுக்கு அது தேவையென்று நமக்குத் தோன்றவில்லை.

பராமரிப்பில் நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை உண்டு. ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினமானது. சுண்ணாம்பும் மக்னீசிய உப்பும் கலந்தது. வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் மாவட்டத்தில் வேறெப்படி இருக்கும்! உருண்டு நிற்கும் ஒவ்வொரு துளியும் வெயிலில் உலர்ந்து ஒரு வெண்புள்ளியை விட்டுச் செல்லும். பூச்சு இதைத் தடுப்பதில்லை. துளிகள் திரண்டு நிற்பதால் புள்ளி இன்னும் தெளிவாகவே விழும். ஆகவே நண்பகலில் கழுவுவதை விட்டு, காலை இளவெயிலுக்கு முன்னோ மாலை நிழலிலோ கழுவி, உலரவிடாமல் துடைத்துவிட வேண்டும். காவிரிக் குழாய்நீர் கிடைத்தால் கடைசி அலசலுக்கு அதில் ஒரு வாளி போதும். முதலில் வெறும் நீரை ஊற்றிப் புழுதியை இறக்குக. பிறகு இரண்டு வாளிகள்: ஒன்றில் வண்டிக்குரிய மென்மையான ஷாம்பூ, மற்றொன்றில் துணியை அலச வெறும் நீர். பாத்திரம் துலக்கும் சோப்பும் துணி துவைக்கும் தூளும் ஆகா. சக்கரத்துக்குத் தனித் துணி. நம் வீடுகளில் எளிதாகக் கிடைக்கும் பனியன் கழிவையும் நூல் கழிவையும் கொண்டு துடைப்பவர்கள் பலர். தையலும் முடிச்சும் கோடு போடும். மைக்ரோபைபர் துணி இரண்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. காக்கை எச்சத்தைக் கண்டவுடன் ஈரத்துணியைச் சிறிது நேரம் வைத்து ஊறவிட்டு எடுக்க வேண்டும், சுரண்டலாகாது.

நிற்க. தீர்த்தக் கேள்விக்கு வருவோம். இறுகும் முதல் நாள் நீர் படாமலிருப்பது நல்லதே. ஒரு வாரம் ஷாம்பூ போடாமலிருப்பதும் சரியே. நாம் தெளிப்பது சில துளிகள். மெல்லிய துணியால் உடனே ஒற்றி எடுத்துவிட்டால் ஒரு கேடும் வராது. பழைய முறைப்படி உப்பு மந்திரித்துக் கலந்த தீர்த்தமானால் ஒற்றி எடுப்பது அவசியம். அதுவும் மனத்துக்கு ஒப்பவில்லையென்றால் பூசக் கொடுக்கும் முன்பே கோவிலுக்குக் கொண்டு வருக. மேலும், 1984-இல் திருச்சபை வெளியிட்ட ஆசீர்வாத நூலில் வாகனங்களுக்கென ஒரு சடங்கு உண்டு. அதன் நோக்கு வண்டியில் பயணம் செய்யும் மக்களின்மேல்தான். தீர்த்தம் உங்கள் மேல் விழுந்தால் போதும். கூரையின் மேல் விழுந்தே ஆகவேண்டும் என்பதில்லை. தீர்த்தத்துக்கு அஞ்சுவோர், கம்பி கட்டிய ஈர மாலையை முகப்பில் மூன்று நாள் விட்டுவைக்க அஞ்சுவதில்லை! கீறலும் கறையும் அங்கிருந்தே வருகின்றன.

2007-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் குடிபெயர்ந்தோருக்கான திருப்பீட அவை, சாலைப் பயணத்துக்கென வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு, வாகனம் ஓட்டுவோருக்குப் பத்துக் கட்டளைகளையும் அதில் சேர்த்தது. வண்டியை அதிகாரத்தின் அடையாளமாகவும் பாவத்துக்கு ஏதுவாகவும் ஆக்கிக்கொள்ளலாகாது என்பது அவற்றுள் ஐந்தாவது. ஆணவம் வேகத்தில்தான் வரும் என்பதில்லை, பளபளப்பிலும் வரும். மிதிவண்டியை உள்ளே தள்ளி வந்த மகன் கதவில் ஒரு கோடு போட்டுவிட்டான் என்பதற்காக அவனை இரவு முழுதும் சோறின்றி நிறுத்திவைத்த வீடு ஒன்றை நாம் அறிவோம். பிரசவ வேதனையில் துடித்த அடுத்த வீட்டுப் பெண்ணை ஏற்ற, இருக்கை கறைபடும் என்று தயங்கிய வீட்டையும் அறிவோம். கதவில் விழுந்த கோட்டைப் பாலிஷ் போட்டு நீக்கிவிடலாம். அச்சிறுவன் இன்றும் தந்தையின் வண்டியில் ஏறுவதில்லை.

நூல் மூட்டை ஏற்றும் சிறு வண்டிக்கும் நாமக்கல் லாரிக்கும் இப்பூச்சு வேண்டுவதில்லை. ஏற்றி இறக்குவதிலும் கயிறு உராய்வதிலும் அது நில்லாது. எப்.சி.க்கு முன் வண்ணம் பூசும் வழக்கமே அவற்றுக்குப் போதும். நிழலில் நிற்கும் காருக்கு ஆண்டில் இரண்டு மூன்று முறை மெழுகு போட்டாலே போதுமானது.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் புது வண்டியில் செல்லவிருப்போர் ஒன்றைக் கவனிக்கவும். கடற்காற்றின் உப்பு வண்டியின் அடிப்பாகத்தில்தான் முதலில் துருவேற்றும். செராமிக் பூச்சு அவ்விடத்துக்குப் போவதேயில்லை. திரும்பி வந்த மறுநாளே நீர்ச் சேவை நிலையத்தில் அடிப்பாகத்தை நல்ல நீரால் கழுவச் சொல்லுங்கள். இரவுப் பயணத்தில் முகப்பில் ஒட்டிய பூச்சிகளை ஈரத்துணியால் பத்து நிமிடம் மூடி ஊறவைத்த பின்னர்த் துடைக்கவும்.