எலக்ட்ரிக் காருக்கு டயர் மாத்தறவங்களுக்கு ரோட்டோர நிலத்துக்காரன் சொல்றது

எலக்ட்ரிக் கார் வாங்கின டவுன் சொந்தக்காரங்க எல்லாரும் முதல்ல சொல்ற வார்த்தை, "சத்தமே இல்ல". அதுல எனக்கு ஒரு திருத்தம் உண்டு. உள்ள உட்கார்ந்திருக்கறவங்களுக்குத்தான் சத்தமில்ல.

எங்க நிலம் மாதனூர் பக்கம். ஒரு பக்கம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் பாலாறு, நடுவுல நாங்க. ராத்திரி கரண்ட் வர்ற நேரம் பார்த்து மோட்டார் போட்டுத் தண்ணி கட்டப் போவேன். வரப்புல நின்னா லாரி வர்றது இன்ஜின் உறுமல்லயே தெரியும். கார் அப்படியில்ல. தூரத்துல இருந்து ஒரு இரைச்சல், நெல்லைத் தூத்தற மாதிரி, வந்து கடந்து போகும். அது இன்ஜின் சத்தம் இல்ல, டயர் சத்தம். நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிட்டா கார்ல இன்ஜினைவிட டயர் போடற சத்தம்தான் பெருசு. அதனால கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா, நூறுல போற எலக்ட்ரிக் காரும் பெட்ரோல் காரும் எனக்கு ஒண்ணுதான்.

எனக்கு எதுக்கு இந்த டயர் ஆராய்ச்சின்னு கேப்பீங்க. என் அக்கா மகன் சென்னையில ஐ.டி. வேலை, நெக்ஸான் எலக்ட்ரிக் வண்டி வச்சிருக்கான். நாற்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடி முன் டயர் ரெண்டும் வழவழன்னு ஆயிடுச்சு. முன் சக்கரம் இழுக்கற வண்டி, அதுல தொட்டவுடனே பாயற மோட்டார், முன் டயர்தான் முதல்ல போகும். பத்தாயிரத்துக்கு ஒரு தரம் முன்னதைப் பின்னாடி, பின்னதை முன்னாடி மாத்திப் போட்டிருந்தா இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கும். "மாமா, சத்தம் கம்மியா, மைலேஜ் குறையாம ஒரு டயர் வேணும். ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க"ன்னான். நாலு டயர் விலை கேட்டேன். அரை கறவை மாட்டு விலை. அதுக்கப்புறம்தான் நானும் உட்கார்ந்து படிச்சுப் பார்த்தேன்.

டயர்ல எல்லா குணமும் ஒண்ணா கிடைக்காது. இதைப் புரிஞ்சுக்க எங்க ஆம்பூரைவிட நல்ல ஊர் கிடையாது. என் தம்பி மக அங்க ஷூ கம்பெனிக்குப் போறா. அவ சொன்னா: "பெரியப்பா, சோல் மெத்துன்னு இருந்தா வழுக்காது, ஆனா சீக்கிரம் தேயும். கெட்டியா போட்டா ரொம்ப நாள் வரும், ஈரத் தரையில வழுக்கும்." டயரும் இதே கதைதான். அதுல மூணாவதா ஒண்ணு சேருது, உருளும்போது எவ்வளவு சக்தியைத் தின்னுதுன்னு. ரப்பர் ஒவ்வொரு சுத்துலயும் நசுங்கி நிமிருது. நசுங்கினது முழுசா திரும்பக் கிடைக்கறதில்ல, கொஞ்சம் சூடா போயிடுது. 1990கள்ல இருந்து கார்பன் கரியில ஒரு பங்கைக் குறைச்சு சிலிக்கா கலந்தாங்க. சுலபமா உருளணும், ஈரத்துலயும் பிடிக்கணும்னா அதுதான் வழின்னு ஆச்சு. கம்பெனிக்குக் கம்பெனி விலை வித்தியாசப்படறதுல இந்தக் கலவைக்கும் பங்கு உண்டு.

உருளுற தடைன்னா என்னன்னு என் அப்பா காலத்து மாடுகளுக்கே தெரியும். இரும்புப் பட்டை போட்ட மரச் சக்கர வண்டி போய் டயர் வண்டி வந்தப்போ அதே மாடு கூடுதல் மூட்டை இழுத்துச்சு. டயர்ல காத்து இறங்கிட்டா வாயில நுரை தள்ளும். உங்க வண்டியில மாட்டுக்குப் பதிலா பேட்டரி. மாடு நின்னு காட்டும், பேட்டரி சதவீதத்தைக் குறைச்சுக் காட்டும்.

பெட்ரோல் வண்டியில எரியற எரிபொருள்ல பெரும்பகுதி சூடா வீணாப் போறதால டயர் தின்னறது கண்ணுல படாது. எலக்ட்ரிக்ல மோட்டார் வீணாக்கறது குறைவு. அதனாலதான் டயரை மாத்தினவுடனே "ரேஞ்ச் குறைஞ்சுடுச்சே"ன்னு புலம்பறாங்க. இதுல ஒரு விஷயம் சொல்லணும். அதே கம்பெனி அதே டயரையே புதுசா போட்டாலும் முதல்ல கொஞ்சம் குறையத்தான் செய்யும். தேய்ஞ்ச டயர்ல ரப்பர் கம்மி, நசுங்கறதும் கம்மி. புது டயர்ல பூ ஆழம், அதனால தடையும் கூட. கடைக்காரனைத் திட்ட வேண்டியதில்ல.

இப்ப எதைப் பார்த்து வாங்கறது? சத்தமும் மைலேஜும் பின்னாடி வரட்டும், முதல்ல பாரம். எலக்ட்ரிக் கார்ல பேட்டரி மட்டுமே சில நூறு கிலோ. டயர் பக்கவாட்டுல 215/60 ஆர்16 95ஹெச்னு இருந்தா அந்த 95தான் பார எண், ஒரு டயர் 690 கிலோ தாங்கும்னு அர்த்தம். 91 போட்டது 615 கிலோதான். விலை குறையுதுன்னு வண்டிக்காரன் சொன்ன எண்ணுக்குக் கீழ இறங்கவே கூடாது. பக்கத்துலயே நாலு இலக்கத்துல தயாரிச்ச தேதி இருக்கும். 2325ன்னா 2025ல இருபத்து மூணாவது வாரம். விதை பாக்கெட்டுல தேதி பார்க்கற மாதிரி பார்த்து வாங்குங்க.

ரெண்டாவது ஈரப் பிடிப்பு. ஐப்பசி கார்த்திகையில பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி மழையில ஒரு தடவை ஓட்டினவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. மைலேஜுக்காக இதைக் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்காதீங்க.

2022 ஜூன்ல மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு அறிவிப்பு போட்டது. கார், பஸ், லாரி டயர்கள் உருளும் தடை, ஈரப் பிடிப்பு, உருளும் சத்தம் மூணுலயும் ஒரு அளவுக்குள்ள இருக்கணும்னு. அது பாஸ் மார்க் மாதிரி. அதுக்கு மேல யார் எத்தனை மார்க்குன்னு வாங்கறவனுக்குத் தெரிய வேண்டாமா? ஃபிரிட்ஜுக்கு ஸ்டார் ஒட்டற பி.இ.இ. அலுவலகம் டயருக்கும் ஸ்டார் கொடுக்குது. சுலபமா உருளற டயருக்கு அதிக ஸ்டார். அதைக் கேட்டு வாங்குங்க. ஆனா சத்தத்துக்கு நம்ம ஊர்ல அப்படி ஒரு ஸ்டிக்கர் பார்த்ததில்ல. ஐரோப்பாவுல டயர் மேல மூணும் போட்டிருக்கணும், சத்தம் இத்தனை டெசிபல்னு எண்ணாவே இருக்கும். நம்ம ஊர் டயர்லயும் இதை ஒட்டச் சொல்லணும்ங்கறது என் கோரிக்கை.

அந்த எண்ணை எப்படி எடுக்கறாங்கன்னு படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. 80 கிலோமீட்டர் வேகத்துல இன்ஜினை அணைச்சு வண்டியை உருள விட்டு, வண்டி போற கோட்டுல இருந்து ஏழரை மீட்டர் தள்ளி மைக் வச்சு அளக்கறாங்க. ஏழரை மீட்டர் தள்ளின்னா என் வரப்புதான். அந்த எண் வண்டிக்குள்ள கேக்கற சத்தம் இல்லைங்க, எனக்குக் கேக்கற சத்தம். அதுல மூணு டெசிபல் குறைஞ்சா சத்தத்தோட சக்தி பாதியாகுது.

உள்ள கேக்கற சத்தத்துக்குத் தனி வைத்தியம் விக்கறாங்க. டயர் உள்பக்கம் ஃபோம் ஒட்டி வருது. டயருக்குள்ள இருக்கற காத்து அதிர்ந்து 'ம்ம்ம்'னு வர்ற முழக்கத்தை அது உறிஞ்சிடும். இன்ஜின் சத்தம் இல்லாத வண்டியில அந்த முழக்கம் பளிச்சுன்னு கேக்கும்ங்கறதும் நிஜம்தான். ஆனா ரோட்டோரத்துல நிக்கறவனுக்கு ஃபோமால பெரிசா எதுவும் குறையாது. பஞ்சர் ஆனா அந்த இடத்து ஃபோமை வெட்டி எடுத்துட்டுத்தான் ஒட்டணும். ராத்திரி பத்து மணிக்கு எங்க ரோட்டோரப் பஞ்சர் கடைக்காரர்கிட்ட அதை எடுத்துட்டுப் போனீங்கன்னா அவர் உங்களைப் பார்ப்பார், நீங்க அவரைப் பார்ப்பீங்க. அக்கா மகனுக்கு நான் சொன்னது, "மாப்ள, ஃபோம் வேண்டாம். பூவோட வடிவத்துலயே சத்தம் குறையற டயரா பாரு. உனக்கும் குறையும், எனக்கும் குறையும்." எலக்ட்ரிக்குக்குன்னே அப்போலோ 2022ல ஆம்பெரியன்னு ஒண்ணு கொண்டு வந்தது. சியட்ல எனர்ஜிடிரைவ்னு இருக்கு. பேர்ல எலக்ட்ரிக்னு இருந்தாத்தான் போடணும்னு இல்ல. பாரம், ஈரம், உருளுறது மூணும் சரியா இருந்தா சாதாரண டயரும் போதும்.

அடுத்து தேய்மானம். இதைப் பத்தி விளம்பரத்துல யாரும் வாயைத் திறக்கறதில்ல. எனக்கு முக்கியமானது இதுதான். எடை கூடின வண்டி, அதிரடியா கிளம்பற மோட்டார், டயர் சீக்கிரம் தேயுது. தேய்ஞ்ச ரப்பர் எங்க போச்சு? ரோட்டுல கிடக்கு. முதல் மழையில ஓரத்துக் கால்வாய்க்கு வருது, அங்கிருந்து கழனிக்கு, மிச்சம் பாலாத்துக்கு.

நாங்க ஏற்கெனவே ஒரு தடவை இந்தப் பாடம் படிச்சவங்க. ஷூ போட்டவங்க எங்கெங்கயோ இருந்தாங்க, தோல் பதனிட்ட உப்பும் குரோமியமும் எங்க கிணத்துல இருந்துச்சு. 1996ல வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னப்போ, ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ கெட்டுப்போச்சுங்கற வேளாண் பல்கலைக்கழகத்தோட கணக்கை அதுல எழுதினாங்க. 2025 ஜனவரியில அதே பாலாறு, அதே தோல் கழிவு, மறுபடி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்துச்சு. டயர் துகளும் தோல் கழிவும் சமம்னு நான் சொல்ல வரல. அந்தத் தொழில்தான் எங்க வீட்டுப் பொண்ணுங்களுக்குச் சம்பளமும் கொடுக்குது. ஆனா அமெரிக்காவுல சியாட்டில் பக்கம் மழை பெஞ்சா ஓடையில ஒரு வகை சால்மன் மீன் கூட்டமா சாகறது எதனாலன்னு பல வருஷம் தேடி, 2020ல கண்டுபிடிச்சது டயர் ரப்பர்ல கலக்கற ஒரு பொருளைத்தான். வெடிக்காம இருக்கச் சேக்கறது காத்து பட்டு மாறி, மீனைக் கொல்லுது. புகை விடாத வண்டின்னு பெருமைப்படறவங்க இதையும் தெரிஞ்சு வச்சுக்கணும்.

அதனால ரெண்டு டயர் மத்த எல்லாத்துலயும் சமமா இருந்தா, அதிக கிலோமீட்டர் உழைக்கறதை எடுங்க. சில டயர்ல ட்ரெட்வேர்னு ஒரு எண் இருக்கும். ஒரே கம்பெனி டயர்களை ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். சிக்னல்ல பச்சை விழுந்ததும் பாயறதைக் குறைச்சா, எந்த டயரா இருந்தாலும் கூட நாள் வரும்.

காத்து இருக்கே, அதுதான் இதுல காசே இல்லாத வைத்தியம். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தா எத்தனை அழுத்தம்னு ஒட்டியிருப்பாங்க. மாசம் ஒரு தரம், ஓட்டறதுக்கு முன்னாடி டயர் ஆறியிருக்கும்போது பாருங்க. நைட்ரஜன் போடட்டுமான்னு கேப்பாங்க. சும்மா அடிக்கற காத்துலயே நூத்துக்கு எழுபத்தெட்டு நைட்ரஜன்தான்.

"சத்தத்தைக் குறைச்சா கிராமத்துல ஆடு மாடு, வயசானவங்க கதி என்ன?"ன்னு எங்க ஊர் டீக்கடையில ஒருத்தர் மடக்கினார். நல்ல கேள்வி. ஊருக்குள்ள பதினைஞ்சு இருபதுல வர்றப்போ எந்த டயரும் பெரிசா சத்தம் போடறதில்ல. அந்த வேகத்துல எலக்ட்ரிக் வண்டி தானா ஒரு ஒலி எழுப்பியாகணும்னு 2025 செப்டம்பர்ல மத்திய அரசு வரைவு விதி போட்டிருக்கு. அது தனி ஏற்பாடு, டயர் தலையில கட்டக் கூடாது. அதுவரைக்கும் தெரு முனையில ஒரு ஹார்ன் அடிங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டோம்.

பழைய டயரைக் கடையிலயே விட்டுடுங்க. 2022ல இருந்து பழைய டயரை மறுசுழற்சி பண்ற பொறுப்பு டயர் கம்பெனிங்க மேலயும் இருக்கு. போகிக்குக் கொளுத்தக் குடுக்காதீங்க. மாட்டுக்குத் தண்ணித் தொட்டின்னு கிராமத்துக்கும் அனுப்பாதீங்க, மழைத்தண்ணி நின்னு கொசுதான் வளருது. அக்கா மகன் ஆசையா கேட்டான், "மாமா, நாலையும் எடுத்துட்டு வரட்டுமா, உங்க மாட்டு வண்டிக்கு ஆகுமா?"ன்னு. சைஸ் சேராதுடான்னுட்டேன்.