உறுதி கையில் இருக்கக் காணி தரிசாகக் கிடப்பதா?

கந்தளாய்க் குடியேற்றத்தில் காணி பெற்ற கமக்காரர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். பெர்மிற் காணிக்கும் உறுதிக் காணிக்கும் உள்ள வேற்றுமையை, சட்டம் கற்ற நம்மைவிடத் தெளிவாக அவர் எடுத்துரைப்பார். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பெர்மிற் பெற்றவர் உழலாம், விதைக்கலாம், அறுக்கலாம். தம் எண்ணப்படி விற்கவோ ஈடு வைக்கவோ அவருக்கு உரிமையில்லை. நிபந்தனை தவறினால் பெர்மிற்றும் போய்விடும். உறுதிக்காரரோ எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

வயலில் இவ்வளவு தெளிவாக விளங்கும் வேற்றுமை, மேசைமீதுள்ள கணனி என்றதும் நமக்கு மறந்துபோவதேன்?

விண்டோஸ் என்பது வெறும் பெர்மிற். பாவிக்கலாம், திறந்து பார்த்தலாகாது, திருத்தலாகாது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10இற்கு வழக்கமாக வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுத்திற்று. விண்டோஸ் 11 கேட்கும் உறுப்புகள் இல்லாத கணனிகள், நேற்றுவரை குறையின்றி ஓடியவை, ஒரே நாளில் கழிக்கப்பட வேண்டியவை ஆயின. எந்தப் பாராளுமன்றம் இதனை விவாதித்தது? எந்த மக்கள் வாக்களித்தார்கள்? சல்லிக் கடற்கரைக்கு ஒருவர் வந்து, “இந்தப் படகு எஞ்சினைத் திறக்கக் கூடாது, நாம் சொல்லும் நாளில் இது பழையதாகிவிடும்” என்று சொல்லி விற்க முனைந்தால் எந்தச் சம்மாட்டியார் வாங்குவார்? வந்தவரைக் கடலிலே தள்ளாமல் விட்டால் அதுவே அவருடைய பெருந்தன்மை! திருட்டுப் பிரதியை ஏற்றிக்கொண்டு “எமக்கென்ன செலவு?” என்பாரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவர் பெர்மிற்காரர்கூட அல்லர். பிறர் காணியில் அத்துமீறிக் குடியிருப்பவர்.

நமக்கென உறுதிக் காணி இல்லையா? உண்டு. 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், அடுத்த ஆண்டு ஜிபிஎல் என்னும் உரிமப் பத்திரத்தின்கீழ் வந்தது. அன்று சுமார் 10,000 வரிகளாயிருந்த மூலநிரல் இன்று 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. யாரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். வழங்குகையில், தாம் பெற்ற உரிமை முழுவதையும் வாங்குபவருக்கும் கொடுத்தே ஆகவேண்டும்.

அந்தப் பத்திரத்தின் 2ஆம் பதிப்பை, 1991இல் வெளிவந்ததை, நாம் ஓர் உறுதியை வாசிக்கும் கண்ணோடு வாசித்திருக்கிறோம். அதன் மூன்றாம் பிரிவு, மூலநிரல் எதுவென வரையறுக்கிறது. எழுதிய வரிகள் மாத்திரம் போதா. அவற்றைத் தொகுத்து ஓடும் வடிவமாக்கி நிறுவுவதற்கான கட்டளைக் கோப்புகளும் மூலநிரலே என்று அது விதிக்கிறது. வரைந்தவர் உலகம் அறிந்தவர். நெல்லைக் கொடுத்துவிட்டு வாய்க்காலை மறித்துவைக்கும் தந்திரத்தை முன்கூட்டியே அறிந்து அடைத்துவிட்டார். வாசிக்கும் உரிமையும் கட்டும் உரிமையும் பிரிக்க முடியாதவை என்பது அந்தப் பிரிவின் உயிர்நாடி.

இத்தனை வரிகளை எப்படி ஒழுங்குபடுத்துகிறார்கள்? திருகோணமலையாருக்கு இது புதிர் அன்று. கோயிலுக்கும் குளத்துக்கும் எவர் எப்பணி செய்வதென்று வகுத்துரைக்கும் கோணேசர் கல்வெட்டு நம் மண்ணின் நூல். லினக்ஸ் மூலத்தின் தலைவாசலில் ‘மெயின்டெய்னர்ஸ்’ என்றொரு கோப்பு இருக்கிறது. எந்தப் பகுதிக்கு எவர் பொறுப்பு என்பது அதிலே பெயர் பெயராக எழுதப்பட்டிருக்கிறது. ‘எம்எம்’ என்ற அடைவு நினைவகத்துக்கு, ‘எஃப்எஸ்’ கோப்பு முறைகளுக்கு, ‘நெட்’ வலையமைப்புக்கு, ‘ஆர்ச்’ ஒவ்வொரு வகைச் செயலிக்கும் உரியதற்கு, ‘டிரைவர்ஸ்’ சாதனங்களுக்கு — முழு மூலத்திற் பாதிக்கு மேற்பட்டது இந்த ஒன்றே. ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு விதானையார். திருத்தம் முதலில் அவரிடம் போகும். அவர் ஏற்றால் மேலே போகும். முடிவில் தலைமதகடியில் டோர்வால்ட்ஸ் நிற்கிறார்.

அடைவுதோறும் ஒரு மேக்ஃபைல்: எந்த வாய்க்காலால் எந்த வயலுக்கு நீர் போகவேண்டும் என்ற குறிப்பு. 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’ என்னும் கருவியின் வழிவந்தது இம்முறை. எக்கோப்பு மாறிற்றோ அதையும் அதனைச் சார்ந்தவற்றையும் மாத்திரமே அது மீண்டும் தொகுக்கும். ஒரு வரம்பு உடைந்தால் ஊரையே மறுபடி உழுவாருண்டோ? தொகுக்குமுன், ஒவ்வோர் உறுப்பும் வேண்டுமா, தனிக்கூறாக வேண்டுமா, வேண்டாமா என்று நாமே தெரிவு செய்யலாம். மைக்ரோசொப்ட் கழித்துவிட்ட பழங்கணனிக்கு வேண்டாத சுமையை நீக்கி, அதன் அளவுக்கேற்பக் கட்டிக்கொள்ளலாம்.

இனி நம்மவர் செய்ததைப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்திலிருந்து திரையில் தோன்றும் சொற்களைத் தமிழாக்கத் தொண்டர்கள் இரவு பகலாய் உழைத்தார்கள். அவர்களைக் குறைகூறோம். ஆனால் கதவுக்கு வர்ணம் பூசியதோடு வீடு கட்டி முடிந்ததென்று மேடையில் முழங்குகிறோமே, அதைத்தான் கண்டிக்கிறோம். சென்னையில் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து ‘பாஸ்’ என்ற இயங்குதளத்தைத் தொகுத்து 2007இல் முதற்பதிப்பை வெளியிட்டது. அங்கே அரசாங்கம் பின்னின்றது. இங்கே எவர் நிற்கப் போகிறார் என்று காத்திருப்பதே நம் வழக்கமாயிற்று.

“கட்டி முடித்ததை இறக்கிக்கொண்டால் போகிறது, நாமும் ஏன் கட்டவேண்டும்?” என்று படித்த நண்பர்களே கேட்கிறார்கள். நீதிமன்றத்திற் பழகியவர்கள் இப்படிக் கேட்பதுதான் வேடிக்கை. மூல உறுதியைப் பாராமல், பிரதியை மட்டும் நம்பி எந்த நியாயதுரந்தரர் காணி வாங்கிக் கொடுப்பார்? யூனிக்ஸை உருவாக்கியோருள் ஒருவரான கென் தொம்சன், 1984இல் வெளியான தமது டூரிங் விருது உரையில், மூலநிரலில் எள்ளளவும் தென்படாத கள்ளவாசலைத் தொகுப்பியே ஓடும் வடிவத்துக்குள் நுழைத்துவிட முடியும் என்று காட்டினார். மூலத்தை வாசித்தால் மட்டும் போதாது. அதிலிருந்துதான் இது பிறந்தது என்று கட்டிப் பார்த்தே நிறுவவேண்டும்.

இன்னொரு வழக்கையும் முன்வைக்கிறோம். 2002 முதல் லினக்ஸ் மூலத்தின் மாற்றங்களைப் பதிந்து வைக்க, பிட்கீப்பர் என்ற தனியுடைமைக் கருவியை இலவச அனுமதியின்பேரில் பாவித்தார்கள். 2005இல் அதன் உரிமையாளர் அந்த அனுமதியை மீட்டுக்கொண்டார். டோர்வால்ட்ஸ் மனுப்போட்டுக்கொண்டிருக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரிலில் ‘கிட்’ என்னும் கருவியைத் தாமே எழுதத் தொடங்கினார்; யூனில் வெளிவந்த 2.6.12ஆம் பதிப்பு அதன் துணையோடு வந்தது. கட்டத் தெரிந்த கைக்கு அனுமதி பறிபோனால் சில கிழமை வேலை. தெரியாத கைக்கு அது முடிவு. கிட் ஒரு தோம்பு. எவர், எப்போது, எதை மாற்றினார் என்பதெல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு பதிவும் முந்திய பதிவின் கைரேகையைத் தாங்கி நிற்பதால் நடுவில் ஓர் ஏட்டைக் கிழித்தால் உடனே தெரிந்துவிடும். நமது காணிப் பதிவகங்களுக்கு இப்பாக்கியம் வாய்க்கவில்லை!

1956இல் சட்டத்தால் ஒதுக்கப்பட்ட தமிழ், 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தால் அரசகரும மொழியாகவும் ஆயிற்று. கணனிக்குள் என்ன நடந்தது? குனு சி நூலகத்தின் மூலத்தில், மொழிக்கும் நாட்டுக்கும் ஒன்றாகச் சிறுசிறு உரைக்கோப்புகள் உள்ளன. நாணயம், திகதி, மாதப் பெயர் யாவும் அவற்றிலிருந்தே வருகின்றன. தமிழுக்கு முதலில் இருந்தது இந்தியாவுக்குரிய கோப்பு. தமிழைத் தெரிந்த திருகோணமலையாருக்கு இந்திய ரூபாவே கிடைத்தது. இலங்கைக்குரிய தமிழ்க்கோப்பு பிந்தித்தான் வந்து சேர்ந்தது. ஒரு கோப்பு! சில நூறு வரிகள்! இதற்கு வட்டமேசை மாநாடு வேண்டியதில்லை, ஆணைக்குழு வேண்டியதில்லை. எழுதித் தொகுத்துச் சரிபார்த்து அனுப்ப ஒருவர் வேண்டும், அவ்வளவே.

இந்நாட்டில் 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, பத்து ஆண்டுகள் தடையின்றி எதிராக ஆண்டுவந்தவன் பிறர் காணியைத் தனதென்று நிறுவிக்கொள்ளலாம். ஜிபிஎல் உரிமை அவ்வாறு காலாவதியாகாது. தொழிலறிவு காலாவதியாகும். பயிரிடாத காணியில் முட்புதர் எழும்புவதை எந்தப் பத்திரமும் தடுக்காது.

“எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே” என்ற சாட்டும் எடுபடாது. லினக்ஸின் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. 1989ஆம் ஆண்டுத் தரப்படி அம்மொழியின் கட்டளைச் சொற்கள் மொத்தம் 32. சட்டப் பரீட்சைக்கு இலத்தீன் சுலோகங்களை மனப்பாடம் செய்த இனத்துக்கு முப்பத்திரண்டு சொற்கள் பாரமா?

ஆகவே சல்லியிலும் சாம்பல்தீவிலும் உயர்தரம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை அழைக்கிறோம். தொழில்புரியும் அன்பர்கள், அலுவலகத்தில் கழித்துவிட்ட கணனி ஒன்றை அனுமதி பெற்றுக் கொண்டுவந்து தாருங்கள். கமக்காரப் பெருமக்கள், அறுவடை முடிந்த மாதத்தில் பிள்ளைகளை மாலையில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். தொகுப்பியும் மூலநிரலும் விலையின்றிக் கிடைப்பவை. முழு இயங்குதளத்தையும் மூலத்திலிருந்து கட்டும் முறையை 1999இல் தொடங்கிய ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்’ படிப்படியாய்க் கற்பிக்கிறது. முதல் நாள் இலங்கைத் தமிழ்க்கோப்பைத் திறந்து, மாதப் பெயர்கள் நம் வழக்கப்படி இருக்கின்றனவா என்று வரிவரியாகப் பார்க்கட்டும். பிழை கண்டால் திருத்தித் தொகுத்து, தம் பெயரிட்டு அனுப்பட்டும்.