எத்தனை ஜி விசை என்று எழுதுங்கள்

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டின் கார் ஆலைகளில் ஒரு போல்ட்டை இறுக்கும் கருவிக்கும் அளவுத்திருத்தச் சான்று உண்டு. அங்கேயே நெடுஞ்சாலையோரப் பல் மருத்துவமனையில் நோயாளியின் ரத்தத்திலிருந்து பி.ஆர்.எஃப். (தட்டணு செறிந்த ஃபைப்ரின் உறைவு) எடுத்துத் தரும் சென்ட்ரிஃபியூஜுக்கு அந்தச் சான்று இருக்கிறதா என்று நாம் கேட்பதே இல்லை. அந்த ஆலைகளின் தொழிலாளர்கள்தான் நம் நாற்காலியில் உட்காருகிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் சிகிச்சையிலும் அதே கண்டிப்பு வேண்டும்.

நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் 'நிமிடத்துக்கு 3000 சுழற்சி, 10 நிமிடம்' என்ற வரி இருக்கும். ரோட்டரின் ஆரம் இருக்காது. ஆரம் 8 செ.மீ. என்றால் அந்த வேகத்தில் ஏறத்தாழ 805 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் 805 மடங்கு விசை, கிடைக்கும். 11 செ.மீ. என்றால் 1,100 ஜி-யைத் தாண்டிவிடும். விசை கூடினால் அணுக்கள் அடியில் இறங்கிவிடும். ஃபைப்ரின் உறைவில் தங்கும் தட்டணுக்கள், வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் மாறும். குழாய் கண்ணாடியா, சிலிக்கா பூசிய பிளாஸ்டிக்கா என்பதும் முக்கியம். உறைவு தடுப்பான் சேர்க்காத ரத்தம் என்பதால், ஊசியை எடுத்ததும் எத்தனை நொடியில் சுழற்சி தொடங்கியது என்பதும் முக்கியம். இவை இல்லாத ஆய்வை இன்னொருவர் திருப்பிச் செய்து பார்க்க முடியாது.

தயாரிக்கும் முறையைப் போலவே, வைக்கும் பொருளும் முக்கியம். கனிமம் நீக்கிய எலும்பே புதிய எலும்பைத் தூண்டும் என்பதை ஆய்வாளர் யூரிஸ்ட் 1965-இல் காட்டினார். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஹரி ரெட்டி, சம்பத்துடன் சேர்ந்து 1981-இல் செய்த சோதனையை ஒவ்வொரு முதுநிலை மாணவரும் படிக்க வேண்டும். கனிமம் நீக்கிய எலும்புத் தூளிலிருந்து குவானிடின் கரைசலால் புரதங்களைப் பிரித்தெடுத்தார்கள். கரைந்து வந்த சாறு மட்டும் எலும்பை உண்டாக்கவில்லை. எஞ்சிய கொலாஜன் மட்டும் வைத்தபோதும் எலும்பு வரவில்லை. இரண்டையும் மறுபடி சேர்த்ததும் எலும்பு வந்தது. செய்தி தரும் புரதமும் அதைத் தாங்கும் பொருளும் சேர்ந்தால்தான் சிகிச்சை. அமெரிக்காவில் 2007-இல் பல் மருத்துவத்துக்கு அனுமதி பெற்ற, எலும்பைத் தூண்டும் புரதமான பி.எம்.பி.-2 கொலாஜன் பஞ்சில்தான் வைக்கப்படுகிறது. அதில் முகவீக்கம் வரும், செலவும் அதிகம்.

பி.ஆர்.எஃப். மலிவு, நோயாளியின் சொந்தப் பொருள். எலும்புக்குள் இறங்கிய ஈறுநோய்க் குழிகளில், பெங்களூரு அரசுப் பல் மருத்துவக் கல்லூரியின் 2011 ஆய்வுகள் உட்பட, வெறும் மடல் அறுவையைவிட நல்ல பலன் பதிவாகியுள்ளது. ஆனால் இந்த உறைவு ஓரிரு வாரங்களில் கரைந்துவிடும். பெரிய எலும்புக் குறையில் அதை மட்டும் வைத்துவிட்டு இம்ப்ளான்டுக்கு வாக்குக் கொடுப்பது தவறு. நீரிழிவும் புகைப்பழக்கமும் உள்ளவர்களிடம் இந்த வரம்பை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒரகடத்தில் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா திட்டமிடப்பட்டிருக்கிறது. விசையை ஜி-யிலேயே காட்டும் சென்ட்ரிஃபியூஜ், சோதித்த ரத்தச் சேகரிப்புக் குழாய்கள், தரமான கொலாஜன் தாங்கிகள் அங்கே உருவாக வேண்டும். என்ன வேண்டும் என்று தயாரிப்பாளர்களிடம் நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடுத்த இதழிலிருந்து, ஆரம், ஜி விசை, குழாயின் வகை, தாமத நொடிகள் ஆகியவை குறிப்பிடப்படாத பி.ஆர்.எஃப். கட்டுரைகளை மதிப்பாய்வுக்கு அனுப்பமாட்டோம். அதற்குள் உங்கள் கருவியின் ஆரத்தை ஓர் அளவுகோலால் அளந்து, மூடியின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.