கட்டிப் பார்க்கும் கைகள் எங்கே?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்றனர் நம் முன்னோர். இன்று நம்மில் எத்தனை பேர் வீட்டைக் கட்டிப் பார்க்கிறோம்? மாதிரி வீட்டைச் சுற்றிப் பார்க்கிறோம், வங்கியில் 30, 35 ஆண்டுகளுக்குக் கடன் வாங்குகிறோம், சாவியைப் பெற்றுக்கொள்கிறோம். அவ்வளவுதான். வாழ்நாள் உழைப்பைக் கொடுத்து வாங்கும் அந்த வீட்டின் சுவர் எதனால் ஆனது, அது எப்படி நிற்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கட்டடப் பொறியியல் பயிலும் என்னை இந்நிலை உறுத்துகிறது.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் என்றொரு மாவட்டம் உண்டு. அங்கு மண்ணைக் குழைத்து எழுப்பிய வீடுகளில் மக்கள் இன்றும் வாழ்கின்றனர். இம்முறைக்குக் 'காப்' என்று பெயர். சர் வால்டர் ராலே பிறந்த ஹேய்ஸ் பார்ட்டன் என்னும் 16ஆம் நூற்றாண்டு வீடும் இத்தகையதே. மழை மிகுந்த நாட்டில் மண் சுவர் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது என்றால், அது வியப்பன்றோ?

இதன் செய்முறை எளிது. மேல்மண்ணை நீக்கிவிட்டு அடிமண்ணை எடுக்க வேண்டும். களிமண் பிணைக்கும்; மணல் வெடிப்பைக் குறைக்கும்; வைக்கோல் சுவரை இழுத்துப் பிடிக்கும். மூன்றையும் நீர் விட்டுக் காலால் மிதித்துக் குழைத்து, கல் அடித்தளத்தின்மேல் கையால் அடுக்க வேண்டும். அச்சும் வேண்டாம், செங்கல்லும் வேண்டாம். ஓர் அடுக்கு காய்ந்து இறுகிய பின்னரே அடுத்த அடுக்கு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இயாண்டோ எவன்ஸ் என்பவரும் அவருடைய துணைவர்களும் இக்கலையை, கரண்டி பிடித்தறியாதவர்களுக்கும் கற்றுக்கொடுத்தனர். 2002இல் நூலாகவும் எழுதினர். முதன்முறையாக வீடு கட்டுபவர்கள் பலர் இவ்வழியில் தம் வீட்டைத் தாமே எழுப்பியுள்ளனர்.

'மண் சும்மா கிடைக்கிறது, வீடும் சும்மா கிடைக்கும்' என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுச் செலவில் சுவர் ஒரு பகுதியே. அடித்தளம், கூரை, மின்சாரம், குழாய், அனுமதி ஆகிய அனைத்துக்கும் பணம் வேண்டும். டன் கணக்கில் மண்ணை மிதிக்கக் கால்கள் வேண்டும்; மாதக்கணக்கில் காத்திருக்கப் பொறுமை வேண்டும். வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது எளிதன்று. குளிர்நாடுகளில் மண் சுவர் மட்டும் வெப்பத்தைப் போதிய அளவு காப்பதில்லை என்ற குறையும் உண்டு. அதனால்தான் பிளிமத் பல்கலைக்கழகம் 2017 முதல் பிரான்ஸ் நாட்டினருடன் இணைந்து மேம்பட்ட மண் சுவரை ஆராய்ந்தது. பல மாநிலங்கள் பின்பற்றும் அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இம்முறைக்குத் தனிப் பின்னிணைப்பு இடம்பெற்றது.

ஆனால், டெவன் தரும் பெரிய பாடம் வேறு. 20ஆம் நூற்றாண்டில் அங்கு மண் சுவர் எழுப்பும் வழக்கம் அருகியது. பழைய வீடுகளைப் பாதுகாக்க எண்ணியவர்கள் அவற்றுக்குச் சிமெண்டு பூசினர். சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியேறிக்கொண்டிருந்த ஈரம் சிமெண்டுக்குள் சிக்கியது. உள்ளே மண் நனைந்து வலுவிழந்தது; சில சுவர்கள் இடிந்தே விழுந்தன. மழை தகர்க்காத சுவரை அக்கறையோடு பூசிய பூச்சு தகர்த்தது! கட்டியவர்களின் அறிவு அடுத்த தலைமுறையின் கைக்கு வராமல் போனதே இதற்குக் காரணம் என்பேன்.

நமக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மண்ணை மிதித்துக் குழைத்துச் சுவர் எழுப்பியவர்களின் வழிவந்தோர் நம்மிடையே உண்டு. அக்கலையைப் பாட்டன் பாட்டியிடம் கேட்டறிந்தவர் எத்தனை பேர்?

எல்லாரும் மண் வீட்டில் குடியேறுங்கள் என்பதன்று என் வாதம். அடுக்குமாடிகள் நிறைந்த நகரில் அது நடவாது. நான் கேட்பது ஒன்றே. கட்டடத் துறை மாணவர் ஒவ்வொருவரும் பட்டம் பெறுமுன் இடுப்பளவு சுவர் ஒன்றையேனும் தம் கையால் எழுப்ப வேண்டும். கணினித் திரையில் சுவர் வெறும் கோடு. அதற்கு எடையில்லை, ஈரமில்லை. மண் எப்போது ஒட்டும், எப்போது வெடிக்கும் என்பதைக் கை அறிந்தால், வரையும் கோட்டிலும் பொறுப்பு வரும்.

'கட்டிப் பார்' என்றது செலவைச் சொல்லி அச்சுறுத்த மட்டுமன்று. கட்டினால்தான் தெரியும் என்பதற்காகவும்தான். மாணவர்களே, ஒருமுறை கட்டித்தான் பார்ப்போமே!