நாசிக்குக்கு ஃப்ளைட், கம்பத்துக்கு பஸ் கூட இல்லையா?

லீவு விட்டால் போதும், மதுரைப் பசங்களின் ஆல்பங்களில் நாசிக் போட்டோக்கள் வந்துவிடுகின்றன. கையில் ஒயின் கிளாஸ், பின்னால் திராட்சைத் தோட்டம், கீழே "வைன்யார்ட் டூர்" என்று ஒரு வரி. பசுமலையில் இருந்து கிளம்பி, சென்னை போய், மும்பை போய், அங்கிருந்து நாலு மணி நேரம் கார்... எல்லாம் ஒரு திராட்சைக் கொடியைப் பார்க்க!

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒயின் ஊர் என்று உலகம் கொண்டாடுவது எதை? பிரான்சின் பர்கண்டி, ஜெர்மனியின் மோசல் மாதிரி குளிர்ப் பிரதேசங்களை. அங்கே பழம் மெதுவாகப் பழுக்கும். ராத்திரிக் குளிரில் பழத்தின் புளிப்பு சீக்கிரம் கரைந்து போகாது, வாசனையும் தங்கும். ஆனால் போகிறவர்கள் குடிக்க மட்டும் போவதில்லை. அந்த மண், அந்த ஊர்ச் சாப்பாடு, விளைவிக்கிறவர் வாயால் கேட்கும் கதை, இதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்கள்.

நாசிக் குளிர்ப் பிரதேசமே இல்லை. சுமார் 600 மீட்டர் உயரம், குளிர்காலத்து ராத்திரிகள் மட்டும் கொஞ்சம் கை கொடுக்கும். 1999இல் அங்கே சூலா கம்பெனி தொடங்கியது. 2001இல் மகாராஷ்டிர அரசு ஒயினுக்கென்றே தனிக் கொள்கை போட்டது. இன்றைக்கு அது "ஒயின் தலைநகரம்". ஆக, ஊர் தானாக உருவாவதில்லை. உருவாக்குகிறார்கள்.

இப்போது கம்பம் பள்ளத்தாக்குக்கு வாருங்கள். மதுரையில் இருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர் தாண்டினால் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கமெல்லாம் கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் போட்ட பந்தல்கள். அதில் தொங்குவது பன்னீர் திராட்சை. உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று சொல்லும் ரகம். 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் தூங்கிவிடும். இங்கே தூங்கவே தூங்காது. கவாத்து பண்ணிப் பண்ணி எழுப்பி, ஆளுக்கொரு தேதியில் காய்க்க வைக்கிறார்கள். அதனால்தான் கம்பத்தில் வருஷம் பூரா அறுவடை. நாசிக்கில் ஜூலையில் போனால் இலைதான் பார்க்கலாம் :-)

தண்ணீர்? 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணைத் தண்ணீர். அந்தத் திராட்சைக்குப் பாய்ந்த அதே தண்ணீர்தான் வைகை வழியாக மதுரைக்கும் வருகிறது. இதைவிட என்ன சொந்தம் வேண்டும்?

"அட, வெயிலில் விளைந்த பழத்தில் நல்ல ஒயின் வருமா?" என்று ஒரு கேள்வி வரும். பர்கண்டி மாதிரி வராது, உண்மைதான். வரவும் வேண்டாம். ஜிகர்தண்டா எதைப் போல இருக்கிறது என்று யாராவது கேட்கிறார்களா?

"குடியை வளர்க்கச் சொல்கிறீர்களா?" என்பது அடுத்த கேள்வி. இது நியாயமான கேள்வி. ஒயினும் சாராயம்தான், உடம்புக்கு நல்லது என்று கதை விடத் தேவையில்லை. ஆனால் 2003 முதல் தெருக்கடையில் பிராந்தியைத் தானே விற்கும் அரசாங்கம், திராட்சை என்றதும் ஒழுக்கம் பேசினால் சிரிப்புத்தான் வரும். அதோடு, ஒயின் இல்லாமலேயே இந்த ஊருக்குப் போகலாம். பந்தல் நிழலில் நின்று பறித்த பழம், அங்கேயே பிழிந்த ஜூஸ், வீட்டுச் சாப்பாடு, சுருளி அருவிக் குளியல், வரும் வழியில் போடி ஏலக்காய். இதற்கு எந்த லைசென்ஸ் வேண்டும்?

இதில் நஷ்டப்படுவது யார் என்பதுதான் முக்கியம். பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லிசு. மழை பெய்தால் வெடிக்கும், பறித்தால் நாள் தாங்காது. அதனால் தோட்டத்துக்கு வரும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான். பஸ் ஏறி வந்து ஒரு குடும்பம் நேராக அஞ்சு கிலோ வாங்கினால், அந்த அஞ்சு கிலோவுக்காவது விவசாயி விலை சொல்லலாம். நாசிக் விவசாயிக்கு வந்து பார்க்கிற கூட்டம் இருக்கிறது. கம்பத்து விவசாயிக்கு லாரி மட்டும்தான் வருகிறது.

தப்பு அரசாங்கத்தின் மேல் மட்டும் இல்லை. தள்ளுவண்டியில் "கிலோ என்ன விலை, கொஞ்சம் குறைச்சுக்குங்க அண்ணே" என்று பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டிவிட்டு, டேஸ்டிங் ரூமில் கேட்ட காசை வாய் திறக்காமல் கொடுக்கும் கூட்டத்தின் மேலும்தான். அதே திராட்சைதான் சாமி. பாட்டிலும் இங்கிலீஷும் சேர்ந்தால் மட்டும் மரியாதை வந்துவிடுகிறது!

ஆரப்பாளையத்தில் கம்பம் பஸ் நின்றுகொண்டிருக்கும். அடுத்த சனிக்கிழமை ஏறிப் பாருங்கள். போட்டோவும் எடுத்துப் போடுங்கள். கிளாஸ் கையில் இல்லாவிட்டால் லைக் விழாது என்று பயமா என்ன?