மாட்டுக்கு வந்த அம்மைக்குப் பெயர் என்ன?

கோலார் என்றதும் எல்லோருக்கும் தங்கம்தான் ஞாபகம் வரும். சமீப காலமாக ஒரு சினிமாவும் சேர்ந்துகொண்டது. ஆனால் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, இந்த மாவட்டத்தில் தினசரி காசு பார்க்க வைப்பது பூமிக்கு அடியில் இல்லை, மாட்டு மடியில் இருக்கிறது. பட்டு, பால், பொன் என்று மூன்று பெருமை சொல்வார்கள். பொன் போய்விட்டது. பால் இருக்கிறது. பங்காருப்பேட்டை, முல்பாகல், மாலூர் பக்கமெல்லாம் காலையும் மாலையும் சொசைட்டியில் கேனோடு வரிசை நிற்கும்.

இதை ஏன் வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன் என்றால், அந்த மாடுகளில் நம் பணமும் இருக்கிறது. நம்மில் எத்தனையோ பேர் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு "சும்மா இருக்க வேண்டாம்" என்று ஒரு சீமை மாடு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். இன்றைக்கு நல்ல கறவை மாடு 70,000, 80,000 என்கிறார்கள். அந்த மாட்டின் தோலில் திடீரென்று கட்டி கட்டியாக வந்தால் என்ன செய்வது? அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நான் பி.காம். படித்த வங்கிக்காரன், கால்நடை மருத்துவன் இல்லை. அதனால் வைத்தியம் சொல்லப் போவதில்லை. ஆனால் கறவை மாட்டுக் கடன் ஃபைல்களைப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நோய்க்கு வைத்தியம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அந்த நோயின் பெயர். அது ஊகமாக இருக்கக் கூடாது. சோதனை செய்து, எழுத்தில், மாட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும்.

வந்தது எப்படி?

கன்னடத்தில் இதைச் சர்மகண்டு ரோகம் என்கிறார்கள். தமிழில் தோல் கழலை நோய். தங்கவயல் லைன்களில் கேட்டால் "மாட்டுக்கு அம்மை போட்டிருக்கு" என்பார்கள், வேப்பிலை கட்டுவார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாட்டிகள் சொன்னது அறிவியல்படியும் சரி! இதை உண்டாக்கும் வைரஸ் அம்மை வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆட்டம்மை, செம்மறி அம்மை வைரஸ்களுக்கு நெருங்கிய பங்காளி.

1929-இல் ஆப்பிரிக்காவில், இன்றைய ஜாம்பியாவில் முதலில் பதிவானது. பல காலம் அந்தக் கண்டத்தோடு நின்றிருந்தது, பிறகு மேற்கு ஆசியா, பால்கன் நாடுகள் என்று நகர்ந்து 2019-இல் ஒடிசாவில் நுழைந்தது. அங்கிருந்து போன மாதிரிகளைச் சோதித்து இன்ன வைரஸ் என்று உறுதி செய்தது போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிறுவனம். 2022-இல் குஜராத், ராஜஸ்தானில் தொடங்கிய பெரிய அலையில் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் செத்தன. கர்நாடகமும் தப்பவில்லை, கோலாரும் தப்பவில்லை.

கொசு, கடிக்கும் ஈ, உண்ணி இவைதான் முக்கியமாகப் பரப்புகின்றன. காய்ச்சல் வரும், பால் குறையும், உடம்பெல்லாம் உருண்டை உருண்டையாகக் கட்டி எழும். பிழைத்த மாடும் பழைய கறவைக்கு வர நாளாகும், சிலது வருவதே இல்லை. மனிதருக்கு இது தொற்றாது. 2022-இல் "பாலைக் குடிக்காதீர்கள்" என்று வாட்ஸாப்பில் சுற்றியது வெறும் புரளி. காய்ச்சிய பாலுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

பார்த்தாலே தெரியாதா?

பெரும்பாலும் தெரியும். ஊரில் நாலு மாட்டுக்கு உறுதியாகிவிட்டால் ஐந்தாவதைப் பார்த்ததும் டாக்டர் சொல்லிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, நூற்றுக்கணக்கான மாடுகளை ஒரே ஆள் பார்க்கிறார். ஆனால் போலிகள் உண்டு. மாட்டு ஹெர்பெஸ் வைரஸ் ஒன்று ஏறக்குறைய இதே போலக் கட்டி கிளப்பும். அது பொதுவாகத் தோலின் மேலோட்டத்தோடு நின்று, தானே ஆறிவிடும். பூச்சிக்கடித் தடிப்பு, படை, உண்ணிப்புண் எல்லாமே தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலத் தெரியும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. பின்லாந்தில் நம்மூர் மாடு மாதிரி மந்தையாகக் கலைமான் வளர்க்கிறார்கள். அங்கே 1992-93 குளிர்காலத்தில் கலைமான்களுக்கு வாய்ப்புண் வந்து நூற்றுக்கணக்கில் செத்தன. காரணம் ஆடுகளுக்கு வரும் ஓர்ஃப் என்ற வைரஸ். சில வருஷம் கழித்து, 1999-2000-இல், மறுபடியும் அதே மாதிரிப் புண். மரபணுவைப் பார்த்தால் இந்த முறை வந்தது மாட்டு மடியில் புண் உண்டாக்கும் வைரஸின் நெருங்கிய உறவு! புண் ஒன்று போல இருந்தது, ஆள் வேறு. ஆட்டிடமிருந்து காப்பதா, மாட்டிடமிருந்து காப்பதா என்பது அந்தப் பெயர் தெரிந்தால்தானே முடிவாகும்?

நம் பக்கமும் அப்படி ஒரு ஆச்சரியம் உண்டு. 2022 அலையின் மாதிரிகளைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் மற்ற நிறுவனங்களோடு சேர்ந்து ஆராய்ந்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே நோய் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தபோது இரண்டு வகை வைரஸ் சுற்றியிருக்கிறது. ஒன்று 2019 ராஞ்சி, 2020 ஹைதராபாத் வைரஸ்களைப் போன்றது. இன்னொன்று நிறைய மாற்றங்களோடு, 2015-இல் ரஷ்யாவில் வந்ததைப் போன்றது.

பெயரும் பணமும்

"எப்படியும் காய்ச்சலுக்கு ஊசி, புண்ணுக்கு மருந்துதானே, பெயர் தெரிந்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்துக் கொடுப்பது, குப்பைமேனி, வேப்பிலை, மஞ்சள் தடவுவது இதையெல்லாம் தேசிய பால்வள வாரியமே சொல்கிறது. இதற்கு வைரஸின் பெயர் தேவையில்லைதான்.

ஆனால் தடுப்பூசிக்குத் தேவை. 2022-இல் கையில் இருந்தது ஆட்டம்மைத் தடுப்பூசி, அதையே மாடுகளுக்குப் போட்டார்கள். பங்காளி வைரஸ் என்பதால் ஓரளவு பலன் உண்டு. ஹெர்பெஸாக இருந்தால் அது வீண். 2019 ராஞ்சி மாட்டிலிருந்து பிரித்த வைரஸைச் செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்து, ஹிசாரில் உள்ள ஆய்வு மையம் 2022 ஆகஸ்டில் லம்பி-புரோவாக்-இண்ட் என்ற தடுப்பூசியை அறிவித்தது. வைரஸைச் சரியாக அடையாளம் கண்டு பிரித்து வைத்ததால் கிடைத்த பலன் இது. அதன் வழியாக வந்த பயோலம்பிவாக்சின் 2025 பிப்ரவரியில் உரிமம் பெற்றது. அதைச் செய்யும் பயோவெட் நிறுவனம் எங்கே இருக்கிறது தெரியுமா? நம்ம மாலூரில்!

அடுத்தது நஷ்ட ஈடு. 2022-இல் கர்நாடக அரசு இந்த நோயால் செத்த பசுவுக்கு 20,000, எருதுக்கு 30,000, கன்றுக்கு 5,000 ரூபாய் அறிவித்தது. அதாவது பசு செத்தால் போதாது, *இந்த* நோயால் செத்ததாக ஃபைலில் இருக்க வேண்டும். காப்பீடும் அப்படித்தான். காது வில்லை இல்லையென்றால் க்ளெயிம் இல்லை. பாலிசி எடுப்பதற்கு முன்பே வந்த நோய் என்றால் இல்லை. தடுப்பூசி உள்ள சில நோய்களுக்கு, ஊசி போட்ட சான்றிதழ் கேட்பார்கள். "அம்மை" என்று மட்டும் எழுதிய சீட்டு இங்கே செல்லாது. மாடு போன பிறகும் கடன் தவணை நிற்காது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கொரோனாவுக்குப் பிறகு ஆர்டிபிசிஆர் என்ற சொல் தெரியாத வீடு இல்லை. அதே வகை இயந்திரம்தான் மாட்டுப் புண்ணையும் சோதிக்கிறது, உள்ளே போடும் ரசாயனம்தான் வேறு. மனிதருக்குச் செல்பேசியில் முடிவு வந்தது போல, பால்காரருக்கும் வர வேண்டும் என்று கேட்பது பேராசையா? பாலை நம்பி வாழும் மாவட்டத்தில், அதிலும் தடுப்பூசியே தயாராகும் மாவட்டத்தில், சோதனை முடிவு ஏதோ அலுவலகத்தின் கணக்கோடு நின்றுவிடாமல் மாட்டுக்காரருக்குத் தாளாக வர வேண்டும் என்பதே என் கருத்து.

அது நடக்கும்வரை, அடுத்து ஊருக்கு ஃபோன் செய்யும்போது மூன்று விஷயம் கேளுங்கள்:

1. மாட்டுக் காதில் 12 இலக்க வில்லை இருக்கிறதா? அந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

2. தடுப்பூசி போட்ட தேதி எழுத்தில் இருக்கிறதா?

3. கட்டி வந்தால், மற்ற மாடுகளிலிருந்து பிரித்துக் கட்டிவிட்டு, சோதனைக்கு மாதிரி எடுக்கும்படி டாக்டரிடம் கேட்பார்களா? ரத்தத்தில் வைரஸ் கொஞ்ச நாள்தான் இருக்கும். கட்டியின் பொருக்கில் ஒரு மாதம்கூட இருக்கும். அதனால் பொருக்கையும் எடுக்கச் சொல்வது நல்லது.

மாதாமாதம் அனுப்பும் பணத்துக்கு ரசீது கேட்கிறோம். மாட்டுக்கு வந்த நோய்க்கும் ஒரு ரசீது கேட்டு வாங்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் இது எப்படி நடக்கிறது என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.